நீடாமங்கலம் கேட் வரைக்கும்

பழைய கேரவன் வாங்க நினைப்பவர்கள் மழைக்காலம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கோடையில் பார்த்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரையாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்தால், எங்கெங்கே வாளி வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் வண்டிக்கு மூன்று வாளி.

இப்படி ஒரு வண்டியை வைத்திருப்பதில் என்ன நஷ்டம், என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். விற்பதாக இருந்தால் வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். விற்பதாக இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவது எனக்குச் சுலபம். உங்கள் ஊரும் தூரம்.

என் அத்தா ஜெய்னுலாபுதீன் சவூதியில் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். ஒரே அறையில் ஏழு பேரோடு இருந்துவிட்டு, தஞ்சாவூருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் சென்னைக்குப் போய் இந்தக் கேரவனோடு வந்து இறங்கினார். சினிமா ஷூட்டிங்குகளுக்கு ஓடிக் களைத்த வண்டி. உள்ளே கட்டில், சிறிய அடுப்பு, கழிப்பறை, சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடி. பதினான்கு பல்புகளில் ஒன்பது எரியும்.

எதிர்வீட்டு ராஜாத்தி அக்கா முதல் ஆளாக வந்தார்.

"பாய், இந்தக் கட்டில்ல யாருங்க படுத்தாங்க?"

"எல்லாப் பெரிய ஆளும்தான்."

"பேரைச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதும்மா. எழுதி வாங்கிட்டுத்தான் வண்டியையே குடுத்தாங்க."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வந்து படுத்துப் பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. அறையில் அண்ணன் தௌபீக், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். ஹாலில் அத்தா, அம்மா, நான், பிரிட்ஜ், தையல் மெஷின். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று தாழ்ப்பாள் போட முடிந்த ஒரே இடம் குளியலறை. என் படிப்பில் பாதி அங்கேதான் நடந்தது. மீதி நடக்காததற்குக் காரணம், யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வண்டி வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். நாகூருக்குப் போக வேண்டும். அங்கே தர்காவும் இருக்கிறது, அம்மாவின் தங்கையும் இருக்கிறார். முதல் பயணத்தில் சொந்தக்காரர்களோடு சேர்த்து என்னையல்லாமல் பதினோரு பேர் ஏறினார்கள்.

நாகை சாலையில் போகிறவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். ரயில் முன்னால் போகும், பின்னால் வரும், இன்ஜினைக் கழற்றும், மாட்டும். கேட் மூடினால் வண்டியை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவதுதான் வழக்கம். வெள்ளரிப்பிஞ்சு வாங்குவார்கள். டீ குடிப்பார்கள். பக்கத்து வண்டிக்காரர்களோடு சம்பந்தம் பேசுவார்கள். அங்கே பேசி முடித்த கல்யாணங்கள் எனக்கே இரண்டு தெரியும்.

நான் இறங்கவில்லை. கூட்டத்தில் நிற்க எனக்குக் கூச்சம். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கேட் திறந்தது. அத்தா சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. இந்த வண்டிக்கு பேட்டரி கட்டிலுக்கு அடியில். நான் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். முனையில் நீலமும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் துடைத்தால் போதும். எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் பதினோரு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பலகையை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் வைரக்கண்ணு மாமா பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அத்தாவுக்கு அவர் முப்பது வருடப் பழக்கம். துடைத்தார், வண்டி கிளம்பியது. ஆனால் மேற்கொண்டு போக யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்படியே திரும்பிவிட்டோம்.

"பத்து நாளைக்கு அசைக்காதீங்க பாய். ஒயரெல்லாம் பாத்துடுறேன்" என்றார் மாமா.

அந்தப் பத்து நாளும் கேரவன் எங்கள் கொல்லையில், வாய்க்கால் ஓரத்து முருங்கை மரத்தடியில் நின்றது. மாமா காலையில் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரத்தில் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் நான் புத்தகத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். யாரும் தட்டவில்லை. பத்து நாளில் ஐந்து பாடம் முடித்தேன். லாபம் என்று கேட்டீர்களே, அது இதுதான். வேறு எதையும் நான் இந்த வண்டியிடம் எதிர்பார்த்ததில்லை.

பிறகு கும்பகோணத்திலிருந்து லியாகத் அலி வந்தார். சுற்றுலா வண்டிகள் விடுபவர். கேரவனை மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நவக்கிரகக் கோயில்கள், நாகூர், வேளாங்கண்ணி என்று மாதம் முழுக்க ஓடும். ஒரே ஒரு நிபந்தனை. அவரை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை நாகூர் போய், வழியில் கோளாறாகாமல் திரும்ப வேண்டும்.

"நின்னு நின்னு போற வண்டின்னா, ஒம்போதாவது கோயில் போறதுக்குள்ள அடுத்த சனிப்பெயர்ச்சியே வந்துடும் பாய்" என்றார்.

அத்தா அன்று என்னிடம் சொன்னார். "அரபி திரும்பவும் கூப்புட்டுக்கிட்டே இருக்கான் ஹுமைரா. இது மட்டும் ஓடிட்டா, நான் இங்கயே இருந்துடுவேன்."

நான் தலையாட்டினேன். அத்தா இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கேரவனும் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது என் தவறல்ல.

பால் பாக்கெட்டை வெட்டினால் வரும் பிளாஸ்டிக், மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அதை பேட்டரி முனையைச் சுற்றி வைத்து, மேலே ஒயரின் வளையத்தை மாட்டி ஸ்பானரால் இறுக்கிவிட்டால், பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆட்டிப் பார்த்தாலும் ஆடாது. வண்டி மட்டும் கிளம்பாது. முருங்கை மரத்தடியில் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் ஒரே முடிவு. திரும்பத் திரும்ப அதே முடிவு வந்தால்தான் நம்ப வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கேட் மூடினால் இருபது நிமிடம். எனக்கு நான்கு போதும்.

இரண்டாவது பயணத்தில் எல்லோரும் வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினார்கள். லியாகத் அலியும் இறங்கினார். நான் இறங்கவில்லை. ஹுமைரா இறங்க மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட் திறந்தபோது வண்டி கிளம்பவில்லை. மாமா வந்து சேர்வதற்குள் துண்டை எடுத்துவிட்டேன். அவர் சாவியைத் தொட்டதும் கிளம்பிவிட்டது.

"இப்ப எப்புடி ஓடுது?" என்றார் அத்தா.

"அதான் பாய் எனக்கும் புரியல."

"ஒனக்கே புரியலன்னா யாருக்குப்பா புரியும்? ஒயரெல்லாம் மாத்துனது நீதானே?"

வீட்டுக்கு வந்து பெரிய விசாரணை நடந்தது. அதில் நான் ஒரே ஒரு வார்த்தை பேசினேன். "எலியா இருக்கும் அத்தா" என்றேன். அறுவடை முடிந்து வயல் எலிகள் கொல்லைக்கு வரும் நேரம். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வண்டி முழுக்க நாப்தலின் உருண்டை போட்டார்கள். அந்த வாசனையில் எனக்கு ஒரு வாரம் தலைவலி. நஷ்டத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லியாகத் அலி இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். இதுதான் கடைசி என்றார். இந்த முறை வைரக்கண்ணு மாமாவும் கூடவே வந்தார். கேட்டில் எல்லோரும் இறங்கியதும், இன்ஜினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். ஓர் ஈயைக்கூட அண்டவிடவில்லை. நான் பின்னால் இருந்தேன்.

சாவியைத் திருப்பினால் சத்தம் இல்லை. மாமா நேராக உள்ளே வந்தார்.

"பாப்பா, கொஞ்சம் எந்திரி. பேட்டரியப் பாத்துடுறேன்."

நான் எழுந்திருக்கத் தொடங்கினேன். மெதுவாகத்தான். அதற்குள் வெளியிலிருந்து அத்தாவின் குரல் கேட்டது.

"அவன் என்னத்தப் பாக்கப் போறான்? வண்டி நின்னாத்தானே அவனுக்குப் பொழப்பு."

மாமா அப்படியே நின்றார். பிறகு இறங்கிப் போய், கையிலிருந்த ஸ்பானரை அத்தாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பது வருசம் பாய்" என்றார். அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் தடவையைவிட அன்று கூட்டம் அதிகம். வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள்கூட வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துண்டை எடுத்துவிட்டேன். அவர் போன ஐந்தாம் நிமிடம் வண்டி கிளம்பியது. அதைவிடப் பெரிய சாட்சி அவருக்கு எதிராக வேறு தேவைப்படவில்லை. அதை நான் திட்டமிடவில்லை. தானாக அமைந்தது.

லியாகத் அலி அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தௌபீக் அண்ணனுக்கும் அத்தாவுக்கும் சண்டை. பழைய இரும்பை வாங்கிக் கொல்லையில் நட்டுவைத்திருக்கிறீர்கள் என்றார் அண்ணன். அத்தா பதிலுக்கு என்னவோ சொன்னார். அடுத்த மாதம் அண்ணன் குடும்பத்தோடு திருவாரூருக்குக் குடிபோனார். அதற்கு அடுத்த மாதம் அத்தாவுக்கு விசா வந்தது.

திருச்சி விமான நிலையத்தில் அத்தா என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை கேரவனைப் பற்றித்தான். "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வை. சும்மாவே நின்னா பேட்டரி செத்துடும்." ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் ஏழு பேரோடு ஓர் அறை. போன வாரம் போனில், அங்கே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "இருக்கு. போடத்தான் முடியாது. யாராவது வந்துக்கிட்டே இருப்பானுவ" என்றார். பாவமாக இருந்தது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கேரவன் நகர்வதில்லை. முருங்கை மரத்தடியிலேயே நிற்கிறது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்கிறேன். ஒரு குறையும் இல்லை, நல்ல இன்ஜின். காலையில் கண்ணாடியின் ஒன்பது பல்பையும் போட்டுவிட்டுப் படிக்க உட்காருவேன். தேர்வில் இன்னும் தேறவில்லை. தொந்தரவு முழுதாகக் குறையவில்லை.

தொந்தரவு என்றால் அம்மா. வீட்டில் தனியாக இருக்கிறார் அல்லவா, நாளுக்கு நாலு தடவை வந்து கதவைத் தட்டுகிறார். "சும்மாத்தாம்மா தட்டுனேன்" என்கிறார். அண்ணனுடைய அறை காலியாகத்தான் இருக்கிறது, அங்கே வந்து படியேன் என்கிறார். தாழ்ப்பாள்கூட உண்டு. ஆனால் எனக்கு இது பழகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு வழக்கம். பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் கொடியில் காயவைத்து, மூட்டை கட்டி வைத்திருப்பார். மூட்டை நிறைந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போடுவார். போன செவ்வாய்க்கிழமை மூட்டையைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தவர், சில பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு காணவில்லை.

"ஹுமைரா, இதை யாரு வெட்டுனது?"

"எலியா இருக்கும்மா."

அம்மா ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த எலிடி கத்தரிக்கோலு வச்சு நேராக் கத்தரிக்கும்?"

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கதவையும் தட்டுவதில்லை. வந்து வெளியே நிற்கிறார். அது தட்டுவதைவிடத் தொந்தரவாக இருக்கிறது.

அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. அதற்குக் கடற்காற்று நல்லது. நாகூரில் சின்னம்மாவோடு ஆறேழு மாதம் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். பழகினால் அங்கேயே இருந்துவிடலாம். எத்தனை நாள் ஆசை அது. வைரக்கண்ணு மாமாவுக்கு நானே போன் செய்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அத்தாவுக்கு அவர்மேல் இப்போது கோபமில்லை, நடந்ததை மறந்துவிடலாம் என்றேன். "ஒன் மனசு யாருக்கும் வராது பாப்பா" என்றார் மாமா. வெள்ளிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு அவர்தான் கேரவனை ஓட்டுகிறார்.

அவருக்கு ஒரே ஒரு பயம்தான்.

"கேட்ல நின்னுடுச்சுன்னா பாப்பா?"

"நிக்காது மாமா" என்றேன்.

இந்த முறை நிற்காது. அம்மாவின் நல்லதுக்காகப் போகிற வண்டி. அது ஏன் நிற்க வேண்டும்?