ராமாத்தாள் நடந்த தூரம்

என் மனைவி ராமாத்தாள் உயிர் போன பிறகும் பொழுது சாயும்வரை நடந்தாள். நீங்கள் நம்பமாட்டீர்கள். இந்த நல்லமுத்து, அதாவது நான், ஒரு கெண்டையைப் பிடித்தால் வீடு வருவதற்குள் அது முதலையாகிவிடும் என்பது எங்கள் ஊர் நியாலாஸில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதற்கு என் மகளுடைய கைப்பேசியே சாட்சி.

ராமாத்தாளுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மலாக்காவில் வேலை பார்க்கும் மகள் அகல்யா, கைக்கடிகாரம் போன்ற ஒரு சென்சர் பட்டையை வாங்கி அம்மா கையில் கட்டினாள். நடந்தாலும் விழுந்தாலும் நெஞ்சு படபடத்தாலும் உடனே அவள் கைப்பேசியில் தெரியும். டாக்டரும் அதைப் பார்ப்பார்.

"அம்மா தெனமும் நடக்கணும்ப்பா. இல்லன்னா தஞ்சோங் கிளிங்ல ஒரு ஹோம் இருக்கு. அங்க சேத்துருவேன், அவங்க நடக்க வெப்பாங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒன்றாகவே பசியாறியவர்கள். அவள் அந்தக் கடலோர ஹோமில் ஒரு கட்டிலிலும் நான் இங்கேயுமாக எப்படி இருப்பது?

நடக்கவைத்தால் அவள் அழுதாள். "ஏங்க, வலிக்குது, விட்டுருங்க." நான் இளகிய மனசுக்காரன். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க மண்டோர் பெயர் கூப்பிடும்போது, எழுந்து வர முடியாதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பான். கூட்டாளிக்குச் செய்ததைக் கட்டியவளுக்குச் செய்யக்கூடாதா? பட்டையைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு ராமாத்தாளைப் பிடிக்க முடியவில்லை. முதலில் கோயில்வரை நடந்தாள். பிறகு மீன் வாங்கும் பாசார்வரை. செம்பனைத் தோட்டத்தையே வலம் வந்தாள். நாய் துரத்திய அன்று அகல்யா பதறிப்போய் அழைத்தாள். "அம்மாவுக்கு ஏம்ப்பா நெஞ்சு இப்படி அடிக்குது?"

"டிவியில மாமியாருக்கு அடி விழுதும்மா. சந்தோசம் தாங்கல."

கட்டிலில் ராமாத்தாள் வாய் கோணச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கோப்பிக் கடையில் என் கூட்டாளி அப்புசாமி கேட்டார். "என்னாலா, பொம்பள வாச்சு போட்டுக்கிட்டுத் திரியிற?"

"பாதி ஒடம்பு அவளுதுதானே," என்றேன்.

டாக்டருக்குப் பெரிய மகிழ்ச்சி. பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண் இனி வேண்டாம் என்றார். மருந்தையும் குறைத்தார். நான் மறுக்கவில்லை. கசப்பு மாத்திரைகள் அவளுக்குப் பிடிக்காது.

அன்று காலை தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் விழுந்து கிடந்தாள். பட்டை அவள் கையில் இருந்திருந்தால், விழுந்த கணமே மலாக்காவில் அலறியிருக்கும். அது என் கையில் இருந்தது. என் நெஞ்சு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

மூச்சு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கண்கள் என்னையே பார்த்தன. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் பட்டை ஏன் உன் கையில் என்று கேட்பார்கள். பிறகு தஞ்சோங் கிளிங்தான். முதல் தடவை வாதம் வந்தபோதும் இப்படித்தான் விழுந்தாள், பிழைத்துக்கொண்டாள். அதனால் தூக்கிப் படுக்கவைத்து, எண்ணெய் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டேன். பிறகு அவளுக்காகக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மதியத்துக்குமேல் மூச்சு நின்றது. நான் நிற்கவில்லை. நான் நின்றால் அவள் செத்துப்போவாள்.

பொழுது சாய்ந்ததும் பட்டையை அவள் கையில் கட்டினேன். அடுத்த நிமிடமே அகல்யாவின் அழைப்பு வந்தது.

கருமாதி முடிந்ததும் வந்திருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புசாமி எழுந்து போனார். இப்போது தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. அகல்யா ஒருத்திதான் நம்பவில்லை.

"கதை விடாதீங்கப்பா. மதியமே உயிர் போயிருக்கணும்னு டாக்டர் சொன்னதையே நான் ஒத்துக்கல. அம்மாவுக்கு எடது கால் இழுக்கும், மெஷின் அதையும் காட்டும். இங்க பாருங்க, கடைசி நாள்கூட இழுத்து இழுத்துத்தான் நடந்திருக்காங்க. நீங்க நேரா நடக்கற ஆளு."

நான் எழுந்தேன். வலது கையால் சுவரைப் பிடித்து, இடது பாதத்தைத் தரையோடு இழுத்து, அலமாரி பக்கம் நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து நடந்தேன். ஆயுள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய வித்தையா? திரும்பும்போது அவளைப் போலவே "முருகா" என்றுகூடச் சொன்னேன்.

"அம்மா மாதிரியே இருக்கில்ல?" என்று கேட்டேன்.

அகல்யா கைப்பேசியைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. எங்கம்மா எப்படி நடக்கறாங்க பாருங்கன்னு." அம்மாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் நடந்திருக்கீங்க. அம்மா அங்க கெடந்திருக்காங்க."