பென்சிலில் எழுதிய பரீட்சை

பிராப்தி: 'ஜூன் 14, சனி. மாலை நாலு மணி. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மூன்றாவது சோற்றுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றி என்று வந்துவிட்டது.' ...ஏன்டி லாரஸ், இது சிறு தவறா?

லாரஸ்: டைரியைக் குடு பிராப்தி.

பிராப்தி: இரு, இரு... மூணு பெட்டியும் நாளைக் கல்யாணத்துக்கா?

லாரஸ்: கல்யாண மாசம். நல்ல நாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே.

பிராப்தி: பெட்டியை வாங்கினா வேலைக்கு வர்றேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

லாரஸ்: எனக்கும் தெரியும். இந்த மூணாவது வீட்டுல, விருந்துக்குத் தட்டு தூக்கிப் பரிமாற வேண்டிய பொண்ணுக்கு டெங்குவாம். அந்தம்மா வாசல்ல நின்னு கண் கலங்குறாங்க. கோழி வாசத்தோட மூஞ்சிக்கு நேரா நீட்டினா நான் என்ன பண்ணட்டும்?

பிராப்தி: கையைப் பின்னால கட்டிக்கோ. அடுத்த பக்கம் என்ன, கோடெல்லாம் போட்டு... 'எட்டு முப்பது, தார்மியம்மா வீடு, சூப். ஒன்பது, அங்கேயே சோறு. ஒன்பது இருபது, ஐஸ், விருந்தாளிகள் கிளம்புவார்கள். ஒன்பது நாற்பது, மசூதித் தெரு, சூப்...'

லாரஸ்: நடுவுல சைக்கிளுக்குப் பத்து நிமிஷம் விட்டிருக்கேன்.

பிராப்தி: பரீட்சை எங்கே? நாளைக்கு எட்டு மணிக்குப் பரீட்சைடி! ரெண்டு வருஷம் சாயங்கால வகுப்புல கொசுக்கடி வாங்கினோமே, அந்தப் பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சை. இந்த அட்டவணையில எங்கே?

லாரஸ்: ஓரத்துல இருக்கு பாரு.

பிராப்தி: ...பென்சில்லயா?

லாரஸ்: பென்சில்னா மாத்திக்கலாம்னு...

பிராப்தி: சூப்புக்குப் பேனா, பரீட்சைக்குப் பென்சில்! போன வருஷமும் இதே கூத்து. உன் சித்தப்பா மகன் கல்யாணத்துல தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னு, லேட்டாப் போய்...

லாரஸ்: நாப்பது நிமிஷம்.

பிராப்தி: கதவைச் சாத்திட்டாங்க. மறுபடியும் அதேதானா? போனை எடு. முதல்ல தார்மியம்மா.

லாரஸ்: அவங்ககிட்டயா? அவங்க வீட்டுல முந்நூறு பேர்டி! வரிசையை நான் பாக்கலைன்னா மாறிப்போகும். போன மாசம் கிணத்துத் தெருவுல என்ன ஆச்சு? சூப்புக்கு அப்புறம் நேரா ஐஸ் போயிடுச்சு. ஐஸ் வந்தா எழுந்து போகணும்னு எண்பது பேர் சோத்தைக் கண்ணால பாக்காமலே கிளம்பிட்டாங்க.

பிராப்தி: பட்டினியோட போனவங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டிருப்பாங்க. போடு போனை. எனக்கும் கேக்கற மாதிரி போடு.

லாரஸ்: உன் புத்தகம் எங்கே? நீ படிக்கலையா?

பிராப்தி: பையில இருக்கு. பேச்சை மாத்தாதே.

லாரஸ்: வந்ததுல இருந்து பையைத் திறக்கவே இல்லையே...

பிராப்தி: ஏற்கெனவே ஒரு தடவை தோத்தவ நான். எனக்கென்ன பயம்? போடுடி.

லாரஸ்: மணி அடிக்குது... எடுக்க மாட்டாங்க, சமையல்ல இருப்பாங்க... வச்சிடட்டுமா?

தார்மியம்மா: லாரஸா? சொல்லும்மா. மருதாணி வைக்கிறவங்க சத்தம், ஒண்ணும் கேக்கல. காலையில ஆறுக்கே வந்துடு, என்ன?

லாரஸ்: அம்மா... அது வந்து... நாளைக்கு எனக்கு...

தார்மியம்மா: மஞ்சள் கெபாயா சட்டை போட்டுக்கோ. எல்லாப் பொண்ணுங்களும் மஞ்சள்தான்.

பிராப்தி: (சொல்லுடி!)

லாரஸ்: நாளைக்கு என்னால வர முடியாதும்மா. பரீட்சை இருக்கு.

தார்மியம்மா: ...பெட்டி வந்துதே?

லாரஸ்: வந்துதும்மா.

தார்மியம்மா: சாப்பிட்டியா?

லாரஸ்: சாப்பிட்டேன். போன வாரமே.

தார்மியம்மா: கோழி நல்லா வெந்திருந்துதா?

லாரஸ்: நல்லா இருந்துதும்மா... எந்த வரிசைக்கு யாரு, எப்ப எதுன்னு ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கேன். யார் கையில குடுத்தாலும்...

தார்மியம்மா: தாள் தட்டு தூக்குமாம்மா? சரிம்மா. பரவாயில்லை. ஒண்ணும் இல்லை. நல்லா எழுது.

லாரஸ்: ...வச்சிட்டாங்க.

பிராப்தி: பாத்தியா? திட்டவே இல்லையே.

லாரஸ்: திட்டியிருந்தா தேவலை. அந்த 'ஒண்ணும் இல்லை' அடிச்ச மாதிரி இருந்துது. இனிமே அந்தத் தெருப் பக்கம் எப்படிப் போவேன்?

பிராப்தி: ஒரு மாசம் சுத்து வழியாப் போ. அடுத்தது மசூதித் தெரு.

லாரஸ்: பேச மாட்டேன். மெசேஜ்தான். ...அனுப்பிட்டேன். 'சரி'ன்னு வந்திருக்கு. ஒத்தை வார்த்தை.

பிராப்தி: போதும். மூணாவது? இன்னைக்கு வந்த பெட்டி?

லாரஸ்: அனுப்பிட்டேன்... பாத்துட்டாங்க... எழுதறாங்க. நிறுத்திட்டாங்க. மறுபடியும் எழுதறாங்க...

பிராப்தி: என்ன சொல்றாங்க?

லாரஸ்: நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான்.

பிராப்தி: அப்பாடா! மூணையும் அடி. பேனாவால. இப்ப பாரு, பக்கம் எவ்வளவு சுத்தமா இருக்கு! ஏன் எழுந்துட்டே? உக்காரு. நிகழ்தகவுக் கணக்கை எடுப்போம்.

லாரஸ்: முதல்ல அந்தத் தாளைத் தார்மியம்மா வீட்டுல குடுத்துட்டு வந்துடறேன்.

பிராப்தி: நான் போறப்ப குடுக்கறேன்.

லாரஸ்: பாத்திரம் ஊறப் போட்டிருக்கேன்...

பிராப்தி: லாரஸ்.

லாரஸ்: கோழிக்குத் தண்ணி...

பிராப்தி: லாரஸ்! மூணு கல்யாணம் இருந்தப்ப நிம்மதியா கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே. ஒண்ணும் இல்லைன்னதும் ஏன் தவிக்கிறே?

லாரஸ்: ஏன்னா... இப்ப ஒண்ணுமே இல்லையேடி. நாளைக்குத் தோத்தா நான்தான் தோத்தேன். பழியைத் தட்டு மேல போட முடியாது.

பிராப்தி: ...என்ன சொல்றே?

லாரஸ்: நாப்பது நிமிஷம் லேட்டுன்னு சொன்னது பொய்.

பிராப்தி: ம்.

லாரஸ்: ஏழே முக்காலுக்கே போயிட்டேன். சித்தப்பா வீட்டுல சூப் போற வரைக்கும்கூட நிக்கல. கிளாத்தென் ஊர்ல, பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசல்ல சைக்கிளைப் பூட்டினேன். திறந்தேன். மறுபடியும் பூட்டினேன். அப்புறம் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். ஐஸ் தட்டு தூக்கறதுக்குச் சரியா இருந்துது.

பிராப்தி: ம்.

லாரஸ்: பதினாறு தட்டு தூக்கினாலும் என் கை நடுங்காது. பேனாவைப் பிடிச்சா நடுங்குது. இந்த வருஷமும் பெட்டி வந்தப்ப, உள்ளுக்குள்ள... சந்தோஷமாத்தான்டி இருந்துது. 'பாவம், அவளுக்கு நேரமே இல்லை'ன்னு ஊர் சொல்லும். அது போதும்னு தோணிச்சு. நீ ஏன் 'ம்'முன்னே சொல்லிக்கிட்டிருக்கே? திட்டு!

பிராப்தி: திட்டறதுக்கு என்ன இருக்கு...

லாரஸ்: நீயாவது உள்ள போய்த் தோத்தே. தாள்ல உன் பேரையாவது எழுதினே. அது எவ்வளவோ மேல்.

பிராப்தி: ...

லாரஸ்: என்னடி?

பிராப்தி: டைரியை எடு. பென்சிலைக் கீழே வை. நாளைக்கு எழுது.

லாரஸ்: 'ஜூன் 15, ஞாயிறு. எட்டு மணி, பரீட்சை.' ...பேனாவில எழுதிட்டேன். நடுங்கியிருக்கு, பரவாயில்லையா? ஏழு மணிக்கு நீ வந்து கூட்டிட்டுப் போறே, அதையும் எழுதிடறேன்.

பிராப்தி: அப்படி எழுதாதே.

லாரஸ்: ஏன்? வண்டி ரிப்பேரா?

பிராப்தி: வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றதை எழுது. 'போன வருஷம் நான் சைக்கிளைத் திருப்பியதை, எதிரில் இருந்த சோத்தோ சூப் கடையிலிருந்து பிராப்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டரை வரை அங்கேயேதான் இருந்தாள்; அவளும் பரீட்சைக்கு உள்ளே போகவில்லை. நாளைய வேலை: ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குப் போய் அவளை எழுப்ப வேண்டும். எட்டு மணிக்குள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே இருக்க வேண்டும்.'