படகு இறங்காத நாட்கள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு லீவு கேட்கத் தெரியாது, மேடம். வேறு எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் போய்ப் புளி கேட்பார்கள், ஓட்டு கேட்டு வருகிறவரிடம் பாலம் கேட்பார்கள். உடம்பு முடியவில்லை, நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்ல மட்டும் வாய் வராது. மீன்பிடிக்கிற வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். கடலிடம் யார் போய் லீவு கேட்பது? காற்று சரியில்லை என்றால் அதுவாகவே கொடுக்கும். இல்லையென்றால் போக வேண்டியதுதான்.

எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்குத் திருத்துகிற வேலை மிச்சம். காலையிலிருந்து அவர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

என் பெயர் லோகநாயகி, ஊர் கோட்டைக்குப்பம். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பதினோரு பேருக்கு நான் டீம் லீடர். ஆன்லைனில் பொருள் வாங்கியவர்கள் திட்டுவதற்கென்று ஒரு நம்பர் இருக்குமே, அதற்கு நீங்கள் போன் செய்தால் எங்கள் வீடுகளில்தான் மணி அடிக்கும். மாநில எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும். அதனால்தான் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. எட்டுப் பேர் எங்கள் குப்பத்தில், இரண்டு பேர் சுண்ணாம்புக்குளத்தில். வைஷ்ணவி மட்டும் கடலோரத்து உப்பேரியை விட்டு உள்ளே தள்ளி, பொன்னேரி போகும் வழியில் ஒரு நெல் கிராமத்தில் இருந்தாள்.

முதலில் ராகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது என் டீமில் பன்னிரண்டாவது ஆள், நல்ல பையன். ஒருநாள் மதியம் ஒரு அம்மாள் மிக்சி உடைந்து வந்தது என்று அவனைத் திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவள் வைத்த பிறகும் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் மனைவி வந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். அப்போதும் கேட்டான். இப்போது எண்ணூரில் அக்கா வீட்டில் இருக்கிறான். அடுக்களையில் தட்டு கீழே விழுந்தால்கூட அவன்தான் மன்னிப்புக் கேட்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு சென்னையிலிருந்து தனசேகர் சார் என்னை வீடியோவில் கூப்பிட்டார். எங்களுக்கெல்லாம் மேலாளர் அவர்.

"பர்ன் அவுட்னு ஒண்ணு இருக்கு, லோகநாயகி. எல்லாரும் ஒரே ஆபீஸ்ல இருந்தா மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். நம்ம டீம் ஆளுக்கொரு மூலையில கிடக்கு. நீங்கதான் பார்த்துக்கணும். இன்னொரு ராகுல் ஆகக் கூடாது."

"ஆகாது சார்," என்றேன். நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது பேப்பரில் பலவிதமாக எழுதுகிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

கம்பெனி அதற்கு முன்பும் சும்மா இருந்ததில்லை. ஆளுக்கு ஒரு தொட்டிச் செடி அனுப்பினார்கள். உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. தினமும் லாகின் செய்ததும் திரையில் ஐந்து முகங்கள் வரும், சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும். நம் மனநிலை எதுவோ அதை அழுத்த வேண்டும். எல்லோரும் சிரிக்கிற முகத்தைத்தான் அழுத்துவார்கள். கடைசி நாள் காலையில் ராகுலும் அதைத்தான் அழுத்தியிருந்தான்.

போன ஆடியில் எங்கள் குப்பத்தில் சம்பந்தம் பெரியப்பா செத்துப்போனார். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை, அது மாரடைப்பு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குப்பத்தில் சாவு விழுந்தால் படகு இறங்காது. பிணம் எடுத்து, மறுநாள் பால் தெளித்து முடிகிற வரைக்கும் யாரும் வலையைத் தொட மாட்டார்கள். செத்தவர் சொந்தமா, பகையா என்ற பேச்சே கிடையாது. இதை நான் சென்னைக்கு எழுதினேன். உங்கள் பண்பாட்டை மதிக்கிறோம் என்று பதில் வந்தது. குப்பத்தில் இருக்கும் எட்டுப் பேருக்கும் இரண்டு நாள் துக்க விடுப்பு. கணக்கில் கழிக்க மாட்டோம், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்றார்கள்.

அன்று பிற்பகல் குப்பத்துக்குள் நடந்து பார்த்தேன். எட்டுப் பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி வலைக் குவியல்மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். பச்சைக் குழந்தை தூங்குகிற மாதிரி இருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று, திட்ட வந்த ஒரு ஆளை அவள் சிரிக்கவைத்தே அனுப்பினாள். அதை நான் காதால் கேட்டேன்.

"அக்கா, அடுத்த சாவு எப்போக்கா?" என்று டீம் மீட்டிங்கில் அவளே கேட்டாள்.

"வாயக் கழுவுடி," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து எத்தனை மாதம் ஆகிவிட்டிருந்தது.

தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் அழைப்புகள் இரண்டு மடங்கு ஆகும். பண்டிகை முடிந்த பிறகும் குறையாது, வாங்கியதையெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். அமுதவல்லியின் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. "ஒரே பேஜாரா கீதுக்கா," என்றாள். "ஹெட்செட்ட கயட்டினாலும் காதுக்குள்ள மணி அடிச்சிக்கினே கீது." ராகுலும் இப்படித்தான் ஆரம்பித்தான்.

எங்கள் தெருக்கோடியில் தெய்வசிகாமணித் தாத்தா இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. மருமகள் மீன் விற்கப் போகிற நேரத்தில் நான் கஞ்சி கொண்டுபோவேன். அவருக்கு என்னைக் கண்டால் பிடிக்கும்.

"இன்னாம்மா லோகா, பொட்டிய மூடிட்டு வந்துட்டியா? கம்பெனிக்காரன் ஒதப்பான்."

"ஒதைக்கட்டும் தாத்தா. கஞ்சியக் குடி."

"நான் பூட்டேன்னு வையி, குப்பமே ரெண்டு நாளு காலு நீட்டிப் படுக்கும். நீங்களுந்தான். அத்த நெனச்சா எனக்குச் சிரிப்பா வருது."

அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கஞ்சியைக் குடிக்கவிட்டேன், வாயைத் துடைத்துவிட்டேன். தலையணையை எடுத்தேன். அவருடைய கை என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. வயதானவர்களுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு விட்டுவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல சாவு என்றுதான் சொன்னார்கள். படகு இறங்கவில்லை. எட்டுப் பேரும் தூங்கினார்கள். நானும் தூங்கினேன். என் நினைவு தெரிந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

சுண்ணாம்புக்குளத்துக்கு நான் இன்னும் போகவில்லை. அந்த இரண்டு பேரும் தாக்குப்பிடிக்கிற பிள்ளைகள். பல ஊர்களில் சிதறிக் கிடக்கிற டீமில் இதுதான் சங்கடம். ஒரு ஊர்ச் சாவு அந்த ஊருக்குத்தான் ஓய்வு கொடுக்கும்.

எனக்குக் கவலையெல்லாம் வைஷ்ணவிதான். இருபத்து மூன்று வயது. தெலுங்கு அழைப்புகளில் பாதி அவள் தலையில்தான் விழும். ஒருநாள் அவளுடைய அம்மா ஹேமாவதி எனக்குப் போன் செய்தார்.

"தூக்கத்துல, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்னு சொல்றாம்மா. அவங்க நைனா தண்ணி குடுடின்னா, லைன்ல இருங்கன்றா. மொதல்ல சிரிச்சோம். இப்போ பயமா இருக்கு. சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது. நீதான் அவளுக்கு ஏதாச்சும் பண்ணணும்."

பெற்றவளே கேட்டார். அதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருந்தால், அதுதான் தப்பு.

தை மாதத்தில் ஒருநாள் ஸ்கூட்டரில் அவளுடைய ஊருக்குப் போனேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. பின் தெருவில் முத்தம்மாள் என்று இழுப்பு நோய்க்காரக் கிழவி தனியாக இருந்தார். வைஷ்ணவியின் அக்கா மாதிரி என்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். நல்ல மனுஷி. தெய்வசிகாமணித் தாத்தாவைவிடச் சீக்கிரமாகவே அடங்கிவிட்டார்.

மறுநாள் காலை லாகின் ஆனவர்களைப் பார்த்தேன். வைஷ்ணவி பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. போன் செய்தேன்.

"உங்க ஊர்ல ஒரு சாவாமே?"

"ஆமாக்கா. பின் தெரு ஆயா. உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. சாவ வெச்சிக்கினு நீ ஏன்டி வேலைக்கு வந்தே?"

"அவங்க எங்க பங்காளி கூட இல்லியேக்கா. நடவே நிக்கல, நான் எதுக்கு நிக்கணும்?"

குப்பத்துக்காரி மட்டும்தான் செய்யக்கூடிய தவறு அது. கடற்கரையில் ஒருவர் செத்தால் ஊரே நிற்கும். வயல் ஊரில் அந்த வீடு மட்டும்தான் நிற்கும். இதை முன்பே விசாரித்திருக்க வேண்டும். முத்தம்மாள் போனது வீண். அதை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். வீணாகப் போகிற எதையும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

ஆக, சாவு வைஷ்ணவி வீட்டுக்குள்ளேயே விழ வேண்டியிருந்தது. அங்கே மூன்று பேர்தான். அவள், அம்மா, நைனா. ஹேமாவதிதான் சமைக்கிறவர், மாட்டைப் பார்க்கிறவர். அவர் போய்விட்டால் அத்தனை வேலையும் வைஷ்ணவி தலையில் விழும், இருக்கிற களைப்போடு அதுவும் சேரும். அது சரிவராது. ஆகவே அவளுடைய நைனா திருவேங்கடம். ஐம்பத்திரண்டு வயது, திடமான ஆள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு தடவை எனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருக்கிறார்.

மாசியில் அவர் விடியற்காலையில் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார். மோட்டார் கொட்டகையில் நான் ஒயரை என்ன செய்து வைத்தேன் என்பதை உங்கள் ஆட்களே பார்த்துவிட்டார்கள். அதைத் திரும்பவும் சொல்லவில்லை. வாய்க்கால் மேட்டில் நின்று, முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வைஷ்ணவியின் அழைப்புகளை அமுதவல்லிக்குத் திருப்பிவிட்டேன். லாகின் செய்ததும் வைஷ்ணவி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்கு ஒரு காலும் வரலியே. சிஸ்டம் பூடுச்சா?"

"இல்லடி. உனக்கு ரெண்டு நாளு லீவு போட்டுட்டேன்."

"இன்னாத்துக்குக்கா? நான் கேக்கவே இல்லியே."

"கேட்டாத்தான் தரணுமா? பொட்டிய மூடிட்டுப் போய்ப் படு."

அவள் சிரித்தாள். "நீ தெய்வங்கா," என்றாள். அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். உடனே படுத்து, மதியம் வயலிலிருந்து ஆள் ஓடி வரும்வரை அசையாமல் தூங்கினாளாம். தூக்கத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பிறகு ஹேமாவதி சொன்னார்.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். வைஷ்ணவி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நைனா அங்க கெடந்தாருக்கா, நான் இங்க தூங்கிக்கினு இருந்தேன்," என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் தூங்கு, கம்பெனி துக்க விடுப்பும் தரும், மொத்தம் பத்து நாளுக்கு மேல் வருகிறது என்றேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"காலையிலயே எதுக்குக்கா லீவு போட்டே?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். என் டீமில் யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை. "உனக்குத் தேவைப்படும்னு தெரியும்டி," என்றேன். அவள் என் மடியிலிருந்து எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது டீம் லீடர் வேலையை அவளுக்கே கொடுத்திருக்கிறார்களாம். நைனா இல்லாத வீடு, வேண்டாம் என்று சொல்ல முடியாது. காலை ஷிப்டையும் மாலை ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று என்னைப் பார்க்க வந்த அமுதவல்லி சொன்னாள். யாராவது அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் நல்லது.

சற்று முன்பு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். தனசேகர் சார் இங்கே வந்து சொன்னாராம். ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு நாள் லீவு கொடுக்க லோகநாயகிக்கே அதிகாரம் இருந்தது, சென்னையைக் கேட்க வேண்டியதே இல்லை, ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வைஷ்ணவிக்குப் போட்டதைத் தவிர ஒரு தடவைகூட அவள் அதை அழுத்தவில்லை என்று. அது உண்மைதான். "அந்தப் பொண்ணு நிம்மதியாத் தூங்கினது அவ அப்பன் செத்தது தெரியறதுக்கு முன்னாடிதானேம்மா? அதையே எல்லாருக்கும் செஞ்சிருக்கலாமே? எதுக்கு மூணு உசுரு?" என்று கேட்டீர்கள்.

நானும் யோசித்துப் பார்த்தேன், மேடம். மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். அதில் மாற்றம் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற வழி நடக்கிற வழியாக எனக்குத் தோன்றவில்லை. காரணமே இல்லாமல் ஒருவருக்கு எப்படி லீவு கொடுப்பது?