தோளிலிருந்து கக்கத்துக்கு

— சரி, கை தவறிடுச்சு, விடு. பொன்னாடை கொஞ்சம் கோணலா விழுந்துச்சு, அவ்வளவுதான். மந்திரியே சிரிச்சுக்கிட்டு சரி பண்ணிக்கிட்டாரு. அதுக்கா துரைராசு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வர்ற?

— கை தவறல பஞ்சு.

— அப்புறம்?

— தவறாமச் செஞ்சுது. அதான் கேடு.

— யப்பா, உனக்கு வெயில் தலைக்கேறிப் போச்சு. பஸ்ஸு பூரா உன்னைப் பத்திதான் பேச்சு. முன்சீட்டு ஆந்திராக்காரன் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்துட்டான். நம்ம லேபர் கேம்ப் ஆளு ஒருத்தன் இந்தியாவோட நிதி மந்திரி தோளைத் தொட்டுட்டான்னு சொல்லிக்கிட்டு வர்றான். இந்தா, கேக்கு. எனக்கு ரெண்டு குடுத்தாங்க.

— நீயே தின்னு.

— வேட்டி, சட்டையத் திருப்பிக் குடுக்கணுமாம், தெரியுமா? சூப்பர்வைசர் சொல்லிட்டான். துண்டு மட்டும் நமக்கே நமக்காம்.

— துண்டுப் பேச்சை எடுக்காத.

— ஏம்ப்பா? பச்சைக்கரை போட்ட நல்ல துண்டு. நம்ம ஊரு விவசாயி மாதிரி தெரியணும்னு தேடி வாங்கியிருக்கானுங்க.

— அந்தத் துண்டு இப்ப எங்க இருக்கு?

— உன் மடியில.

— மேடையில, அவரு என் முன்னாடி வந்து நின்னப்ப?

— தோள்ல.

— அதுக்கப்புறம்?

— கவனிக்கலப்பா.

— நீ எனக்குப் பின்னாடிதான நின்ன, பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கிட்டு. கவனிக்கலங்குற.

— எனக்கு ஒரே டென்ஷன். அதாகப்பட்டது, எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வருதுன்னு அந்த ஃபங்ஷன் பூரா என் தலையில கட்டிட்டானுங்க. தட்டு யாரு, மாலை யாரு, எந்தப் பக்கம் நடக்கணும்னு எல்லாத்துக்கும் நான்தான் ஓடணும். இதுல உன் துண்டு எங்க இருந்துச்சுன்னு பார்த்துக்கிட்டா நிப்பேன்?

— கக்கத்துல இருந்துச்சு. தோள்லேருந்து எடுத்து, மடிச்சு, இந்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். இடுக்குன துண்டு விழுந்துடக் கூடாதுல்ல, அதனால அந்தக் கையத் தூக்கவே இல்ல. மறு கையாலயே பொன்னாடையப் போட்டேன். ஒத்தைக் கையால போட்டா கோணலாத்தான் விழும்.

— அவ்வளவுதான? அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கக்கத்துல வேர்க்குரு போலன்னு நெனச்சிருப்பாரு.

— அவருக்குத் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியும்.

— உங்கப்பா கீழ்வேளூர்ல இருக்காப்ல. நீ கடல் தாண்டி இருக்க.

— டிவிக்காரன் வந்திருந்தானே. ராத்திரி செய்தியில வரும்னு நீதான சொன்ன?

— சொன்னேன்.

— நீ சொன்ன உடனே நான் போன வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு ஜன்னத் பீவி அக்கா பூத்துக்கு. அக்கா அங்க டிவியும் வச்சிருக்குல்ல. நான் மந்திரிக்குப் பொன்னாடை போடப் போறேன்னதும் அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோசம். கடை வாசல்ல நாற்காலி போடுறேன், தெருசனத்தையெல்லாம் கூப்புடுறேன், உங்க அத்தாவ, எங்கப்பாவத்தான், முன்னாடி உக்கார வைக்கிறேன்னுச்சு. கேட்டுக்க, முன் வரிசையில.

— டிவியில கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும். மந்திரி கையெழுத்துப் போட்டதக் காட்டுவான், இந்த ஊரு மந்திரி கை குடுத்ததக் காட்டுவான். உன்னைக் காட்டுறதே சந்தேகம்.

— காட்டுவான். வேட்டி கட்டுன தொழிலாளி மந்திரி முன்னாடி கூனிக்கிட்டு நிக்கிறத விடுவானா?

— நம்ம ஊரு கரண்டை நம்பு. செய்தி ஆரம்பிக்கிற நேரம் பார்த்துப் போயிரும்.

— விளையாடாத பஞ்சு.

— சரி, விளையாடல. ஆனா நீ பெருசு பண்ற. பெரிய மனுசன் வர்றாரு, ஒரு மரியாதை. அங்க நின்ன கம்பெனி மேனேஜருங்க எப்படி வளைஞ்சானுங்க, பார்த்தியா? ரப்பர் கம்பி தோத்துச்சு.

— அவனுங்க வளைஞ்சது வேற. அவனுங்க அப்பன் யாரும் புளிய மிளாறால அடி வாங்கல. உனக்குத் தெரியும்ல, எங்கப்பா உங்க தாத்தா வீட்டு வாசல்ல போயி நின்னது?

— தெரியும். எங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க.

— எப்படி?

— அன்னிக்குப் பக்கிரிக்குக் குடி வெறின்னு.

— எங்கப்பா குடிக்க மாட்டாரு.

— அதுவும் தெரியும்.

— அப்ப நடந்ததச் சொல்றேன், கேட்டுக்க. எங்க ஆளுங்க உங்க தெருவுக்குள்ள வந்தா, தோள்ல கெடக்குற துண்டு கக்கத்துக்குப் போயிரணும். யாரும் சொல்ல வேண்டாம், காலு தெருவ மிதிச்சதும் கை தானாப் போகும். கூலியாளுங்க சங்கம் வந்துதான் இனிமே யாரும் எடுக்கக் கூடாதுன்னு பேசுனாங்க. கூட்டத்துல எல்லாரும் தலையாட்டினாங்க. மறுநா காலையில தெருவுக்குள்ள போனது எங்கப்பா ஒருத்தருதான். மீசை கூட ஒழுங்கா மொளைக்காத வயசு. கூலி நெல்லு கேக்கப் போறேன்னு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா உங்க வாசல்ல நின்னாரு. உங்க தாத்தா வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாராம். தலையத் தூக்கி, "துண்டு"ன்னாராம். எடுறான்னு கூடச் சொல்லல. அந்த ஒத்தைச் சொல்லு போதுமாம் அவருக்கு. எங்கப்பா எடுக்கல. மறுபடியும், "துண்டு." எடுக்கல. அப்புறம்தான் உங்க பண்ணைக் காரியக்காரன் புளிய மிளாறோட வந்தான்.

— போதும் ராசு.

— துணி கிழிஞ்சு போச்சாம். ஆனா தோளை விட்டு எறங்கல. அதுக்கப்புறம் எங்க தெருவுல ஒரு ஆம்பளை கக்கத்துல துண்டு இடுக்கி நான் பார்த்ததில்ல. எங்கப்பா செய்யல, சித்தப்பா செய்யல, நான் செஞ்சதே இல்ல. பார்க்காததை, பழகாததை இந்தக் கை எங்க கத்துக்கிச்சு? அதச் சொல்லு நீ. ஒத்திகை பார்த்தப்ப ஒழுங்காத்தான போட்டேன்? ரெண்டு கையாலயும் உன் தோள்ல போட்டுக் காட்டுனேன்ல?

— காட்டுன.

— அப்புறம் என்ன வந்துச்சு அந்த நேரத்துல? காதுல ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. சின்னதுலேருந்து இந்தக் கதையக் கேட்டுக் கேட்டு மண்டைக்குள்ள தங்கிருச்சோ என்னவோ.

— மைக்கு கொய்ங்குன்னு கத்துச்சுல்ல. அதுவா இருக்கும்.

— இருக்கும். மந்திரி என்ன பேசுனாரு கடைசியில? நீதான் பக்கத்துல நின்னு கேட்டியே.

— என்னத்த பேசுவாரு? நாடு கதவைத் தொறந்து விட்டுருக்கு, ரெண்டு தேசத்துக்கும் பொருளாதார உறவு பலப்படணும், இந்த ஊரு முதலாளிங்க நம்ம பக்கம் வந்து பணம் போடணும்னாரு. அப்புறம் நம்மளைப் பத்தியும் சொன்னாரு. நாம அனுப்புற காசுலதான் நாட்டுக் கஜானா நிமிர்ந்து நிக்குதாம்.

— கஜானா நிமிர்ந்துருச்சு. நல்லது.

— எதுக்கு இப்படிப் பேசுற? இங்க வந்ததுக்கப்புறம் நமக்குள்ள அந்த எழவு இருந்துச்சா, சொல்லு. ஒரே ரூமு. ஒரே தட்டுல குபூஸ் ரொட்டியப் பிச்சுத் தின்னோம். எனக்கு அம்மை போட்டப்ப என் துணியத் தொவைச்சது நீ. உனக்கு ஓவர்டைம் குறைச்சப்ப ஆபீசுல போயிச் சண்டை போட்டது நான். நீ என்னை பஞ்சுங்குற, நான் உன்னை ராசுங்குறேன். எந்தத் தெருவு, எந்த வாசலு இங்க?

— அதத்தான் நானும் நெனச்சேன். கடல் தாண்டுனா கழுவிட்டுப் போயிருச்சுன்னு.

— போயிருச்சு.

— போவல. போயிருந்தா கை ஏன் போச்சு? எங்கப்பா என்ன செய்வாரு தெரியுமா? திட்ட மாட்டாரு. நான் லீவுல போறப்பவும் எதுவும் கேக்க மாட்டாரு. இன்னிக்கு ராத்திரி அந்த நாற்காலியிலேருந்து எழுந்து போவாரு. அவரு போறத எல்லாரும் பார்ப்பாங்க. எதுக்கு எழுந்து போறாருன்னு அங்க இருக்குற அவரு வயசுக்காரங்களுக்குத் தெரியும். என்னைப் பெத்ததுக்கு அவரு தல குனிஞ்சுக்கிட்டு இருட்டுல நடப்பாரு, பஞ்சு. அந்த மிளாறுக்குக் கூடக் குனியாத மனுசன்.

— இப்பவே போன் போட்டு, நிகழ்ச்சி ரத்தாயிருச்சு, பார்க்க வேணாம்னு சொல்லிரலாமா?

— பொய்யும் சேர்ந்துக்கணுமா?

— ராசு.

— என்ன?

— மைக்கு இல்லப்பா அது.

— எது?

— உன் காதுல கேட்டது. நான்தான்.

— நீ என்ன சொன்ன?

— மந்திரி படியேறி வர்றாரு. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. எனக்கு முன்னாடி நீ, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு விறைப்பா நின்ன. எனக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. என்ன சரியில்லன்னு யோசிக்கல. சத்தியமா யோசிக்கல. வாயத் தொறந்தேன், வந்துருச்சு. துண்டுன்னு. உன் கை எங்க கத்துக்கிச்சுன்னு கேட்ட. என் வாயி எங்க கத்துக்கிச்சுன்னு நான் யாரைக் கேக்குறது? தாத்தா சாகுறப்ப நான் தவழ்ந்துக்கிட்டு இருந்தேன். அவரு குரல் கூட எனக்குத் தெரியாது.

— வெறும் துண்டுன்னு மட்டுந்தான் சொன்னீங்களா?

— பேசு. திட்டு. ஆனா நீங்க வாங்கன்னு ஆரம்பிக்காத.

— வெறும் துண்டுன்னா என் கை போயிருக்காதுங்க. முன்னாடி என்ன சொன்னீங்க?

— டேய்னு.

— டேய், துண்டு.

— மெதுவாத்தான் சொன்னேன். உனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

— ஆமாங்க. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.

— ராசு, என்னைப் பார்த்துப் பேசுப்பா. ஜன்னலப் பார்த்துக்கிட்டுப் பேசாத. இந்த 'ங்க'வ எடு. செருப்பால அடிச்சாக் கூடத் தாங்கிக்குவேன்.

— வேணும்னு போடலங்க. வாயில வந்துருச்சு. உங்களுக்கு வந்த மாதிரிதான்.

— நான் ஒண்ணு செய்யுறேன். கேக்குறியா? பஸ்ஸு அடுத்து பெட்ரோல் பங்க்ல நிக்கும். அங்க கார்டு போன் இருக்கு. நான் பேசுறேன், உங்கப்பாகிட்ட. படம் ஓடுறதுக்கு முன்னாடி. உன் மேல தப்பு இல்ல, சொன்னவன் நான், எங்க தாத்தா பேரன், அந்த வீட்டுப் புத்தி எனக்குள்ள கெடந்துருக்குன்னு சொல்லிடுறேன். அதுக்கப்புறம் அவரு பார்த்தாலும் தெரிஞ்சுக்கிட்டுப் பார்ப்பாரு.

— அவரு முன்னாடி சொல்லுவீங்களா?

— சொல்லுவேன். அங்க கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி, ஜன்னத் பீவி அக்காவ ஸ்பீக்கர்ல போடச் சொல்லி சொல்லுவேன். எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா தெரியட்டும். வீட்டுல ஏறாதன்னா ஏறல.

— நெசமாவா?

— எங்கம்மா மேல சத்தியம்.

— எங்கப்பா உங்க வீட்டு ஆளுங்க வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டதே இல்லங்க. சாகுறதுக்குள்ள ஒண்ணு கேட்டா, அந்தத் துண்டு விவகாரத்தக் கூட மறந்துருவாரு. என்னை மன்னிச்சு விட்டுருவாரு.

— கேப்பாரு. இன்னிக்குக் கேப்பாரு. வா, பஸ்ஸு நின்னுருச்சு. கார்டு வச்சிருக்கியா?

— இருக்கு. இந்தாங்க.

— நம்பரச் சொல்லு, நான் அழுத்துறேன். இன்னொரு தரம் சொல்லு, கடைசியில... சரி. போவுது. மணி அடிக்குது.

— பஞ்சு.

— இப்பதான்யா உயிரு வந்துச்சு எனக்கு. சொல்லு.

— முதல்ல அக்காதான் எடுக்கும். எங்கப்பாவ என்னன்னு கேப்ப?

— பக்கிரி ஐயா இருக்காரான்னு.

— ஐயால்லாம் வேணாம். ஐயான்னா யாரோன்னு நெனச்சுக்குவாரு. பேரச் சொல்லியே கேளு. இருக்காரான்னு கேளு. அது போதும்.

— சரி.

— சுத்தி எல்லாரும் உக்கார்ந்திருப்பாங்க. ஸ்பீக்கர்ல கேக்கும்.

— தெரியும்ப்பா. எடுத்துட்டாங்க, இரு. ஹலோ... அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் மேலத்தெரு பஞ்சநதம் பேசுறேன். ஆமா, துரைராசு பக்கத்துலதான் நிக்கிறான். எல்லாரும் வந்தாச்சா? நல்லது. அக்கா, ஸ்பீக்கர்ல போடுங்க, ஒரு முக்கியமான விஷயம் எல்லாரும் கேக்கணும். போட்டாச்சா? பக்கிரி இருக்கானா?