வருவோரின் கனிவான கவனத்திற்கு

இந்த அறையில் பேசினால் குரல் வீணாகிவிடும். நாலு பக்கமும் வெறும் சிமெண்டுச் சுவர், தரையில் ஒரு சாக்குகூடக் கிடையாது. அந்த ரெக்கார்டரை என் வாய்க்கு நேராக வைக்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். ஆமாம், அப்படித்தான். ஒருவனைப் பேச வைப்பதற்கென்றே கூட்டி வருகிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பரவாயில்லை, உங்களிடம் நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்வது ஒரு பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். என் மாமியார் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நடைமேடை எண்ணுக்கு முன்னால் நான் ஒரு சின்ன இடைவெளி விடுவேன். அந்த இடைவெளியில் மொத்தக் கூட்டமும் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, மூச்சுவிடாமல் நிற்கும். பிறகு ஒருநாள் யாரோ ஒரு பெண்ணின் குரலை மெஷினில் ஏற்றிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இடைவெளி விடத் தெரியாது. முன்பு பேசிக்கொண்டிருந்தவர் எங்கே என்று ஒரு ஜீவன் வந்து கேட்கவில்லை.

மச்சான்தான் சிபாரிசு பிடித்துக் கோபுரத்தில் வேலை வாங்கிக் கொடுத்தான். வானத்திலிருந்து ஏதோ சத்தம் வருகிறது, எந்த நாடும் கேட்கலாம், ஆனால் யாரும் பதில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்களே, அந்தச் சத்தத்தைக் கேட்கிற கோபுரம். அங்கே என் வேலை என்ன தெரியுமா? "வாசலை மறித்து நிற்கும் நீல நிற வண்டியை உடனே எடுக்கவும்" என்று கட்டடத்துக்குள் அறிவிப்பது. பக்கத்து அறையில் வானத்தோடு பேசக்கூடிய மைக் இருந்தது. அதன் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். சாவி எஞ்சினியரிடம் இருந்தது. தங்கமான மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். நான் பேச ஆரம்பித்ததும் தன் அறை ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். தலைவலியாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாடி அறைக்கு ஓர் அக்காவும் தம்பியும் குடிவந்தார்கள். அக்கா தன்னை டீச்சர் என்று சொல்லிக்கொண்டாள். தம்பிக்கு நான் வைத்த பெயர் நெட்டையன். விநோதமான ஜென்மங்கள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெருவில் யாராவது உரக்கச் சிரித்தால் சுவரோரம் ஒண்டுவார்கள். என் மனைவிக்கு டீச்சரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளுக்கு என்னைத் தவிர எல்லோரையும் பிடிக்கும்.

ஒரு மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து டீச்சர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். என் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் அப்பாலிருந்து வந்தவர்களாம். எப்படி வந்தோம் என்று விளக்கினார்கள். எனக்குப் புரியவில்லை, அவர்களுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. இந்தக் கோபுரத்திலிருந்து ஒருவன் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லப்போகிறான். நாம் ரகசியமாக வானத்தோடு கூட்டுச் சேர்ந்துவிட்டோம் என்று பக்கத்து நாடு நினைக்கும். போர் மூளும். இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு குற்றுயிராகக் கிடக்கும்போது மேலே இருப்பவர்கள் சாவகாசமாக இறங்குவார்கள். தடுக்க ஒரு கை மிஞ்சியிருக்காது.

"என் பொண்ணை ஒரு நாள் காலையில வரிசையில நிக்கவச்சு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த ஆளு மட்டும் வாயைத் திறக்கலைன்னா அவ இருப்பா" என்றாள் டீச்சர்.

"ஆளு யாருன்னு தெரியுமாக்கா?" என்றாள் என் மனைவி.

"பேரும் தெரியாது, முகமும் தெரியாது. குரல் மட்டும்தான். தினம் காலையில தெருவுல அதைத்தான் போடுவாங்க. கேட்டதும் எல்லாரும் வெளியில வந்து நிக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு அவள் அதைச் சொல்லிக் காட்டினாள். "வருவோரின் கனிவான கவனத்திற்கு. இங்கே உங்களுக்கு" என்று நிறுத்தினாள். பிறகு, "இடம் இருக்கிறது" என்றாள்.

அவள் விட்டது என் இடைவெளி. அந்த நொடியில் அவர்கள் சொன்ன அத்தனையையும் நம்பினேன்.

இங்கே பிறந்த ஒரு பச்சைக் குழந்தைகூட அந்த வார்த்தைகளைக் கேட்டதும் ரயில் நிலையம் என்று சொல்லிவிடும். இந்த மேதாவிகள் ரயிலையே பார்க்காதவர்கள். யாரோ பெரிய அதிகாரியின் பேச்சு என்று நினைத்துக்கொண்டு காலத்தைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார்கள். என் மனைவி சிரித்துவிட்டாள். "இது நம்ம ரயில்ல..." என்று ஆரம்பித்தாள். "தண்ணி கொண்டா" என்றேன். எழுந்து போனாள். அவள் திரும்பி வந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.

"அந்தக் குரல் கேக்க எப்படி இருக்கும்?" என்று விசாரித்தேன்.

"நல்லாத்தான் இருக்கும். அதுதாண்ணே கொடுமை."

"எல்லா ஊர்லயும் போடுவாங்களா?"

"ஒரு தெரு விடாம."

நெட்டையன் குறுக்கே புகுந்து, "ஆளு கையில கிடைக்கட்டும், குரல்வளையை நெரிச்சிடறேன்" என்றான். டீச்சர் அவனை அதட்டினாள். "வேணாண்டா. கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கலாம்." காலில் விழுவதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். எதிர்காலம் பொறுக்கி எடுத்து அனுப்பிய ஆட்களின் லட்சணம் இது.

என்னோடு அவ்வளவு நாள் பேசியும் கண்டுபிடிக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் நான் மூக்கால் முணுமுணுக்கிறவன். கொஞ்சம் குரலெடுத்தால், "மெதுவா, பாப்பா தூங்குது" என்பாள் மனைவி. நல்ல குரல் மைக்குக்கு மட்டும்தான். இன்னொன்று, கோபுரத்தில் யார் பெரியவர், யாரிடம் சாவி என்று துருவித் துருவிக் கேட்டார்களே தவிர, உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல.

கோபுரத்து மதில் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்த நெட்டையனின் காதில் ஒருநாள் என் அறிவிப்பு விழுந்துவிட்டது. காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கிறது. நான் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள மைக்ல பேசறது யாருண்ணே?"

"எஞ்சினியர்" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அவன் செய்தது.

மறுநாள் காலை, சட்டை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு நின்றிருந்த எஞ்சினியரை நெட்டையன் நடுத்தெருவிலேயே முடித்துவிட்டான். அவர் ஏதோ கேட்டிருக்கிறார், இவன் குரல்வளையைப் பிடித்துவிட்டான். டீச்சர் என்னிடம் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதாண்ணே. என் பொண்ணு பொழைச்சுட்டா" என்று அழுதாள். அவள் கை சில்லென்று இருந்தது. போலீஸ் வந்து அவளையும் கூட்டிக்கொண்டு போனது. எதிரி நாட்டு உளவாளிகள் என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்த நாள் பிற்பகல் கோபுரத்தில் எல்லோரும் எஞ்சினியரின் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். வரிசையாக எல்லா அறைகளையும் சோதனை போட்ட போலீஸ் அந்தக் கதவையும் உடைத்துவிட்டுச் சாத்தக்கூடத் தோன்றாமல் போயிருந்தது. அரக்குத் துண்டுகள் தரையில் கிடந்தன. நான் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். வார்த்தைகளை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, டீச்சர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே இருப்பவர்களுக்கு நம் மொழி புரிந்திருக்காது. யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அவர்களுக்குப் போதும்.

பக்கத்து நாட்டு வானொலி அதைப் பிடித்து, இதோ ஆதாரம் என்று திரும்பத் திரும்பப் போட்டது. என் மனைவி அடுப்படியில் நின்று கேட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். முதல் குண்டு அந்த ஊரில்தான் விழுந்தது. நான் அவளைப் போகச் சொல்லவில்லை. ஜெயிலில் டீச்சரும் அந்த வானொலியைக் கேட்டாளாம். சுட்டுக்கொல்லும் நாள் வரை காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு காவலர் சொன்னார். நன்றாகத்தான் இருக்கும் என்று சொன்னவளும் அவள்தான்.

ஏன் செய்தாய் என்றுதானே கேட்கிறீர்கள். நிதானமாக யோசித்து எடுத்த முடிவு. ஒரு குரலை ஊரெல்லாம் தேடிவிட்டு, அதன் சொந்தக்காரனோடு மாடியில் உட்கார்ந்து கதை பேசுகிற இனம் இது. ஒரு சொல்லை நம்பி நல்ல மனிதரைக் கொல்கிற இனம். இதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? இதில் என் சொந்த ஆசை எதுவும் இல்லை. பேருக்கும் புகழுக்கும் அலைகிறவன் நான் அல்ல, அதை அந்த ரெக்கார்டரில் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விடிந்துவிட்டது போலிருக்கிறதே. மேலேயிருந்து இறங்கியவர்கள் இப்போது தெருவில் அதைப் போடுவார்கள். மேலே அந்தச் சின்ன ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உங்கள் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் அனுப்பிவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன். நான் இடைவெளி விடுகிற இடத்தில் மட்டும் தயவுசெய்து யாரும் பேசாதீர்கள்.