மருந்து அளக்கும் கையோடு பேசாதீர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மேட்ரன் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் செல்ல மகளே, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, வார்டு உதவியாளர்களே, அக்காவின் கையால் ஊசி போட்டுக்கொண்டு, இன்று அவருக்காகக் கலங்கி நிற்கும் அன்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்டாஃப் நர்ஸ் ரேடியோ அக்காவோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள் நான். ‘ரேடியோ’ என்ற அந்தப் பட்டத்தை வைத்த உதவியாளர் அண்ணன் அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். ஏன் ஒளிகிறீர்கள் அண்ணே? அக்காவுக்கு அந்தப் பட்டம் ரொம்பப் பிடித்திருந்ததே! காலையில் வார்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பிப்பார். கட்டுப் பிரிக்கும்போது பேச்சு, காய்ச்சல் பார்க்கும்போது பேச்சு, மயக்கத்தில் இருப்பவரிடமும் பேச்சு. “அவங்களுக்குக் காது கேக்கும்டி, வாய்தான் பேசாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்ல” என்பார். அப்படிப்பட்டவர்தான் இந்த மருத்துவமனைக்கு ஒரு மௌனத்தைக் கொண்டுவந்தார். வேறு யாரால் முடிந்திருக்கும்?

அது எப்படி வந்தது தெரியுமா? ஒருநாள் காலை, அக்கா மருந்து மேசை முன் நின்று ஒரு நோயாளிக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நோயாளிக்கு ஆறு யூனிட். யாரோ ஒரு பார்வையாளர் வந்து, “சிஸ்டர், எங்க மாமா எந்த பெட்?” என்று கேட்டார். அக்கா யாருக்குத்தான் பதில் சொல்லாமல் இருந்தார்? “பதினாறு, ஜன்னலோரம்” என்றார். வாய் பதினாறு என்றது. கையும் பதினாறு யூனிட் எடுத்துவிட்டது. ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மருந்தைக் கொட்டிவிட்டு, புதிதாக ஆறு எடுத்துப் போட்டார். நேராக மேட்ரன் அம்மாவிடம் போய்த் தானே சொன்னார். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

அன்று வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால், அவருக்குப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் அன்று அவர் பேசினார். “ஓட்டுநரோட பேசாதீங்கன்னு என் பஸ்ஸுல எழுதியே போட்டிருக்கு. உங்க மருந்து மேசையில என்ன எழுதியிருக்கு?” என்றார். அக்காவை வாயடைக்க வைத்த ஒரே மனிதர் நீங்கள்தான் ஐயா. உங்களை வணங்குகிறேன்.

மறுநாளே அக்கா மகளின் பழைய மஞ்சள் மழைக்கோட்டை வெட்டி ஏப்ரனாகத் தைத்துக் கொண்டுவந்தார். மருந்து அளப்பவர் அதைப் போட்டிருக்கும்வரை மருத்துவரானாலும், மேட்ரனானாலும், வந்தவர் போனவரானாலும் அவரோடு பேசக்கூடாது. போனை வேறொரு நர்ஸ் எடுக்க வேண்டும். நோயாளி கூப்பிட்டால் அந்த நர்ஸ்தான் ஓட வேண்டும். இவ்வளவுதான் அக்கா கேட்டது.

இதற்கா இத்தனை எதிர்ப்பு! “ரேடியோவே பேசாதேங்குது, உலகம் அழியப்போகுது” என்றார் நம் உதவியாளர் அண்ணன். தலைமை மருத்துவர் அவர்களே, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன், “என் வார்டுல ஒரு நர்ஸ்கிட்ட பேச நான் காத்துக்கிட்டு நிக்கணுமா?” என்று கேட்டீர்கள். அக்கா அசரவில்லை. “சார், நீங்க ஆபரேஷன் பண்ணும்போது யாராவது வந்து, பீரோ சாவி எங்கன்னு கேட்டிருக்காங்களா?” என்றார். “இல்லை” என்றீர்கள். “என்னைக் கேட்டிருக்காங்க சார். ஊசி கையில இருக்கும்போது.” அறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். எங்கள் வார்டில் மட்டும் செய்து பார்க்க அனுமதி தந்தீர்கள். அது உங்கள் பெருந்தன்மை.

முதல் நாளே சோதனை வந்தது. பழக்க தோஷத்தில் நீங்கள் உள்ளே வந்து, “சிஸ்டர்!” என்று கூப்பிட்டீர்கள். மஞ்சள் ஏப்ரன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டீர்கள். அப்போதும் திரும்பவில்லை. அக்கா கடைசி மாத்திரையை எடுத்து வைத்து, சரிபார்த்து, ஏப்ரனைக் கழற்றினார். “இப்ப சொல்லுங்க சார்” என்றார். அதற்குப் பிறகு உங்களை எங்கே சொல்ல விட்டார்? அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் உங்கள்மேல் கொட்டித் தீர்த்தார்!

அன்பர்களே, அக்கா நோயாளியாகி, அதே வார்டில் வந்து படுத்தபோது எங்களால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பகல், நான் ஏப்ரன் போட்டுக்கொண்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். “ஏய், இங்க வாடி” என்று அக்காவின் குரல் கேட்டது. நூல்போல மெலிந்த குரல். இன்னொரு நர்ஸ் ஓடினார். அவரிடம், “நீ போ, அவளைத்தான் கூப்பிட்டேன்” என்கிறார் அக்கா. மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. கண்ணீர் முட்ட முட்ட, கையில் இருந்ததை அளந்து முடித்தேன். பிறகு ஓடினேன். “என்னக்கா வேணும்?” என்றேன்.

“ஒண்ணும் வேணாம். திரும்புறியான்னு பாத்தேன்” என்றார். “திரும்பியிருந்தா, எழுந்து வந்து அந்த ஏப்ரனைப் பிடுங்கியிருப்பேன்.”

எழுந்து உட்காரக்கூட முடியாதவர் சொன்ன சொல் இது! அக்கா, நீங்கள் இல்லாத வார்டு எங்களுக்குப் பிடிக்கவில்லை. காது வலிக்கும் அளவுக்கு அமைதியாக இருக்கிறது.

நாளை நிர்வாகக் குழு கூடுகிறது. மஞ்சள் ஏப்ரனை எல்லா வார்டுக்கும் கொடுப்பதா, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி எங்கள் வார்டிலும் நிறுத்திவிடுவதா என்று முடிவெடுக்கப்போகிறார்கள். அக்கா பேச வேண்டிய கூட்டம் அது. அவருக்குப் பதிலாக நான் பேசுவேன். அவருடைய வாய் எனக்குக் கிடையாது. ஆனால் ஆறுக்குப் பதில் பதினாறு வந்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லத் தெரியும். மறுத்தால் மறுபடியும் கேட்பேன். அதற்கும் மறுத்தால் இங்கே இருக்கும் செவிலியர் அத்தனை பேரோடும் வந்து கேட்பேன். வருவீர்கள்தானே?

இது அக்காவின் மகள் முன்னால் நான் செய்யும் சத்தியம். என் கையில் ஒரு நோயாளியின் மருந்து இருக்கும்போது, அக்கா கூப்பிட்டே நான் திரும்பவில்லை. இனி யார் கூப்பிட்டுத் திரும்பப்போகிறேன்!