பதினான்காவது விதி

நீங்கள் கொடுத்த டீ நன்றாகவே இருந்தது, இன்ஸ்பெக்டர். பால்தான் கொஞ்சம் தூக்கல். குறை சொல்லவில்லை. காவல் நிலையத்தில் இதைவிட நல்ல டீ கிடைக்கும் என்று நினைத்து யாரும் வருவதில்லை.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். திமிர் என்று நினைக்க வேண்டாம். பர்ன்லியில் வீட்டுக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் உபயோகக் குறிப்புகள் எழுதிப் பிழைத்தவன் நான். எதை எந்தப் பக்கம் திருக வேண்டும், எதைத் தொடக் கூடாது, தொட்டால் என்ன ஆகும் என்று எழுதுகிற வேலை. ஒரு வரிக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் கைவராது. தொழிற்சாலையை மூடிய பிறகு சந்தைக் கட்டடத்தில், சீஸ் கடைக்கும் கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கும் நடுவில், மின் சிகரெட் கடை போட்டேன்.

ஹெரால்ட் ஆஷ்வொர்த் என் கடையில் வாங்கிய பேட்டரி வெடித்துத்தான் செத்தார். அதை நான் மறுக்கவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் நியாயம் உங்களுக்கே புரியும்.

மின் சிகரெட் வாங்க வருகிறவர்களை உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ என்னவோ, எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்ட்ராபெரி வாசனையா மாம்பழ வாசனையா என்று அரை மணி நேரம் முகர்ந்து பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே பிடிக்கப்போகிற சாமானுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தர் கேட்க மாட்டார். உள்ளே இருப்பது பேட்டரி. டார்ச் விளக்கில் போடுகிற சாதுவான பேட்டரி இல்லை. பெருவிரல் பருமன்தான் இருக்கும். உள்ளே இருக்கிற சக்தி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தால் மின் சிகரெட்டின் உலோகக் குழாயையே பிளந்துவிடும். அப்படி வராமல் காப்பது மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை. மிட்டாய்க் காகிதத்தின் கனம்தான். உறை விட்டுப்போன இடத்தில் வேறு உலோகம் பட்டால் தீர்ந்தது கதை. கிழிந்தால் தூக்கிப் போடு, சும்மா பையில் போட்டுக்கொண்டு திரியாதே. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இவர்களுக்குப் புரியாது.

இவர்களுக்காக மெனக்கெட்டு விதிகள் எழுதினேன்; சேர்த்துச் சேர்த்து இன்றைக்குப் பதினாறு. ஒரே தாள், இரண்டு பக்கம். சாமான் வாங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பேன். இன்னொன்றில் 'படித்தேன், புரிந்துகொண்டேன், இனி என் பொறுப்பு' என்று எழுதி அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை என் கண்ணெதிரே அந்தத் தாளில் துப்பி மடித்த பெண்மணியும் உண்டு.

டேரன் என்று ஒருவன், சுவர் பூசுகிறவன். தாடியெல்லாம் புகையாக எந்நேரமும் என் கடையில்தான் சாய்ந்துகொண்டு நிற்பான். கூடுதலாக வைத்திருந்த பேட்டரியையும் வீட்டுச் சாவியையும் ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கால்பந்து பார்க்கப் போனான். சாவி உரசி பேட்டரி பற்றிக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து நொண்டிக்கொண்டே வந்து, தொடையில் போட்டிருந்த கட்டைக் காட்டி, "பாரு நெவில், உன் சாமான் பண்ண வேலையை" என்றான். நான் அவன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நாலாவது விதியைக் காட்டினேன். வாயை அசைத்து அசைத்துப் படித்தான். "இதையெல்லாம் யாரு படிப்பா?" என்றான். அவன் தொடையைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சோதனை வைத்தேன். பதினொன்றாவது விதியாக இப்படி எழுதினேன்: இதைப் படித்துவிட்டு வந்து கேட்கிறவருக்கு மின் சிகரெட்டில் ஊற்றுகிற வாசனைத் திரவம் ஒரு பாட்டில் இலவசம். இரண்டு வருடம் ஆனது. பாட்டிலை அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். தூசி படிந்ததுதான் மிச்சம். அந்தத் தூசியை நான் துடைக்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு அது பிடித்திருந்தது.

போன செப்டம்பரில் ஊதா உறை போட்ட பேட்டரிகள் ஒரு பெட்டி வாங்கினேன். பாதி விற்ற பிறகுதான் கவனித்தேன். யாரோ பழைய பேட்டரிகளுக்குப் புது உறை மாட்டி விற்றிருக்கிறார்கள். சிலவற்றில் உறை சுருங்கி, மேல் விளிம்பு நக அகலத்துக்கு வெறுமனே தெரிந்தது. உள்ளே போட்டால் அந்த விளிம்பு குழாயில் படும். இன்றைக்குப் படலாம், மாதம் கழித்துப் படலாம், படாமலும் போகலாம்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கலாமே, வாங்கியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. அதைவிட ஒழுங்கான காரியம் ஒன்று செய்தேன். விதியாக எழுதினேன். பதினான்காவது: ஊதா உறை போட்ட பேட்டரியில் மேல் விளிம்பு தெரிந்தால் பயன்படுத்தாதீர்கள், உடனே கடைக்குக் கொண்டுவாருங்கள், மாற்றித் தரப்படும். பழைய ஆட்கள் திரவம் வாங்க வந்தபோது புதுத் தாளையும் கையில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கினேன். மீதிப் பெட்டியையும் அந்தத் தாளோடுதான் விற்றேன். நான் எதையும் மறைக்கவில்லை. எழுதிக் கையில் கொடுத்ததை மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நாலு மாதம் ஒருத்தரும் வரவில்லை. தினமும் எதிரே நின்று அந்த ஊதாக்களை வாயில் வைத்து இழுத்தார்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முட்டாள்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

இனி ஹெரால்டுக்கு வருகிறேன். எழுபத்தொரு வயது. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வயதிலிருந்து சிகரெட். அவர் மனைவி மேவிஸுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் நெருப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகரெட்டை விட வேண்டும், இல்லையென்றால் மேவிஸை எங்காவது இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்ற நிலை. அப்படித்தான் என் கடைக்கு வந்தார். விட்டும்விட்டார். ஐந்து மாதம் ஒரு சிகரெட் தொடவில்லை என்று வருகிறபோதெல்லாம் சொல்வார். நான் கேட்டதில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, கடை நிறையக் கூட்டம். டேரனும் இருந்தான். ஹெரால்ட் வந்து, கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியில் பத்திரமாக வைத்த பேட்டரியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். பிறகு என் தாளை எடுத்து விரித்தார். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் குறிகள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, பதினாலாவதுல ஊதா பேட்டரி பத்திப் போட்டிருக்கீங்களே. எனக்குக் கண்ணு சரியில்ல. இந்த விளிம்பு தெரியுதா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தாளைத் திருப்பினார். "இன்னொண்ணு. மூணாவதுல ஈரத்துணி படக் கூடாதுங்கிறீங்க. பன்னெண்டாவதுல லேசா நனைச்ச துணியால துடைன்னு இருக்கு. நான் எதைக் கேக்கட்டும்?"

டேரன் சிரித்துவிட்டான். "மாட்டினியா நெவில்? உன் வேதத்துலயே ஓட்டையாம்ல!" கூட்டமும் சேர்ந்து சிரித்தது. தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுத்துக் கூட்டிப் படிக்காத கும்பல், என்னைப் பார்த்துச் சிரித்தது. ஹெரால்ட் சிரிக்கவில்லை. எனக்காக வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சிக்னல் ரூம்ல நாப்பது வருஷம், தம்பி. விதின்னு ஒண்ணு கையில குடுத்தா முழுசா படிக்காம இருக்க முடியாது. பதினொண்ணுல ஒரு பாட்டில் சும்மா தர்றதாப் போட்டிருக்கு. எனக்கு வேணாம். படிச்சேன்னு சொல்லத்தான் சொல்றேன்" என்றார்.

அலமாரியில் தூசி படிந்த பாட்டிலை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேட்டரியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். கடிகாரக்காரர் கொடுத்த பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. வைத்துப் பார்த்தேன். விளிம்பு தெரிந்தது. பெட்டியிலேயே மோசமான பேட்டரி அதுதான். பக்கத்து இழுப்பறையில் நல்ல பேட்டரிகள் இருந்தன, பச்சை உறை போட்டவை. கையை நீட்டினால் எடுக்கலாம். கை நடுங்கியது, அவசரத்தில் மாறிப்போனது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு கெட்டில் கொதிக்கிற நேரம் நின்று யோசித்தேன். பச்சையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பதினான்காவது விதி உண்மை என்று டேரனுக்குத் தெரியும். நாளைக்குக் கும்பல் முழுவதும் ஊதாவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். நாலு மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கும். அதைவிட, அந்தக் கிழவர் பென்சிலை வைத்துக்கொண்டு என் தாளைத் திருத்தினார். என் ஆயுசில் என் எழுத்தை முழுதாகப் படித்தவர் அவர் ஒருத்தர்தான். அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டரியைத் துணியால் துடைத்தேன். உலர்ந்த துணிதான். வெளியே கொண்டுவந்து அதையே அவர் கையில் வைத்தேன்.

"இது நல்லாத்தான் இருக்கு, ஹெரால்ட். நான் எழுதினது வேற ஊதா."

"நிச்சயமாத்தானே? வீட்டுல மேவிஸ் இருக்கா, அதான் கேக்கறேன்."

"நிச்சயம்" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுக் கடிகாரக்காரர் கடைச் சுவரை அண்ணாந்து பார்த்து, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். அது வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

பதினொரு நாள் ஆனது. மழை பெய்துகொண்டிருந்ததாம். பத்தாவது விதி ஆக்ஸிஜன் இருக்கிற வீட்டுக்குள் பயன்படுத்தாதே என்று சொல்கிறது. அதனால் ஹெரால்ட் எப்போதும்போல் கோட்டு மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போயிருக்கிறார். மேவிஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது. வாய் இல்லாததால் பேச முடியவில்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் மேவிஸ் கடைக்கு வந்தார், சக்கரம் வைத்த சிலிண்டரை இழுத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு. சண்டை போட வரவில்லை. நாற்காலி போட்டேன். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவர் எதை விட்டுட்டார்னு மட்டும் சொல்லுங்க, நெவில். எல்லாத்தையும் அந்தத் தாள்படிதான் செஞ்சார். எதுலயோ தப்புப் பண்ணியிருக்கணும். எதுலன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? "ஏதாவது ஒரு விதியை விட்டிருப்பார், மேவிஸ். வயசாயிடுச்சு இல்லையா" என்றேன். கதவுவரைக்கும் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

அவர் வீட்டுக்குப் போய்த் தாளைத் தேடி எடுத்து, பதினாறையும் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். கணவன் எதை விட்டார் என்று கண்டுபிடிப்பதற்காக. நான் அதை எதிர்பார்க்கவில்லை; அந்த வீட்டில் படிக்கிறவர்கள் இரண்டு பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேவிஸ் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த அந்தத் தாளில், பதினான்காவதுக்குப் பக்கத்தில் ஹெரால்ட் பென்சிலால் எழுதியிருந்ததை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். சனி, 11.20. நெவில் ஹாவர்த் பார்த்தார். நல்லது என்றார். நாற்பது வருடம் ரயில் போன நேரத்தை எழுதிய கை. மணி சரியாகத்தான் இருந்தது.

ஆக, தெரிந்தேதான் கொடுத்தேன். நல்ல பேட்டரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வெடிக்கும் என்று தெரிந்த பேட்டரியைக் கொடுத்தேன். நீங்கள் கேட்ட வாக்கியம் இதுதான் என்றால் கோடிட்டுக்கொள்ளுங்கள். மீதி ஊதாக்களும் இன்னும் ஊருக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் விவரம் பதினான்காவது விதியில் இருக்கிறது.

ஆனால் பொறுப்பு என்று வருகிறபோது ஒன்றைக் கவனியுங்கள். பயன்படுத்தாதே என்று தாளில் தெளிவாக இருந்தது. ஹெரால்ட் அதைப் படித்தார், புரிந்துகொண்டார், கையெழுத்தும் போட்டார். எல்லாம் செய்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நான் வாயால் சொன்னதை நம்பினார். கடைக்காரன் வார்த்தையை நம்பு என்று பதினாறு விதிகளில் எதிலாவது நான் எழுதியிருக்கிறேனா, நீங்களே படித்துப் பாருங்கள்.